பொடித்துப் பார்த்த நீலம்

மேல்விஷாரத்தில் பதினேழு வருடமாய்
தோலுக்கு நிறம் ஏற்றுவது என் பிழைப்பு.
ஷேட் கார்டில் இருநூற்றுப் பன்னிரண்டு சதுரம்.
ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு.
தேன், காக்கி, ஒட்டகம், காய்ந்த ரத்தம்.
கடைசிப் பெயர் நான் வைத்தது.
கார்டில் அதை பர்கண்டி என்று போட்டிருக்கும்.

இந்த ஆடியில் இத்தாலிக்காரர் ஒரு நீலம் கேட்டார்.
ஏழு முறை சாம்பிள் அனுப்பினேன்.
ஏழு முறையும் ஒரே பதில்:
சரிதான், ஆனால் உயிர் இல்லை.
"உயிர் போன பிறகுதானே மாஸ்டர்
தோலே நம்மகிட்ட வருது"
என்றான் ஹெல்பர் கோதண்டன்.
சிரித்தோம்.
டிரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று அசர் தொழுதுவிட்டுத் திரும்புகையில்
காம்பவுண்டுச் சுவரோரம்
உப்பு மூட்டைக்கும் வேலிக்காத்தானுக்கும் நடுவே
ஓர் இறகு.
பனங்காடையினுடையது.
கம்பியில் மண்ணுருண்டை மாதிரி உட்கார்ந்திருக்குமே,
எழும்பினால் மட்டும்
நகைப்பெட்டியை யாரோ திறந்து மூடின மாதிரி,
அது.
ஓர் இறகில் இரண்டு நீலம்.
ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில்
கசிவு இல்லை, திட்டு இல்லை.
எனக்கு அந்த இடம்தான் தாங்கவில்லை.
பதினேழு வருடத்தில் ஒரு விளிம்பைக்கூட
நான் அப்படி நிறுத்தியதில்லை.

லேபுக்குக் கொண்டுபோனேன்.
கார்டை அருகே வைத்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டும் வெட்கப்பட்டன.
சரி, சாயத்தையே எடுத்துவிடுவோம் என்று
கத்தரியால் நறுக்கி
கல்வத்தில் போட்டு அரைத்தேன்.

மூக்குப்பொடி.

கொஞ்சம் ஆசிட், கொஞ்சம் வெந்நீர், கொஞ்சம் ஸ்பிரிட்.
மூக்குப்பொடி.
கல்வத்தின் அடியில் தேடினேன், மேசைக்குக் கீழே தேடினேன்.
திருடு கொடுத்தவன்போல
உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அதுல சாயமே கிடையாது சார்" என்றாள் ஹெப்சிபா,
பிஎச் மீட்டரிலிருந்து கண்ணெடுக்காமல்.
"உள்ளே குட்டிக் குட்டி வெற்றிடம்.
வெளிச்சம் நுழையும், நீலம் மட்டும் திரும்பி வரும்.
நீங்க அரைச்சதுல இடம் இடிஞ்சு போச்சு."
சொல்லிவிட்டு ரீடிங்கைக் குறித்துக்கொண்டாள்.

நிறம் என்றால் ஊற்றுவது என்றே இருந்துவிட்டேன்.
டன் கணக்கில் ஊற்றியிருக்கிறேன்.
ஊற்றியதில் தோல் குடித்தது போக
மிச்சம் எங்கே போயிற்று என்பது
பாலாற்றுக்குத் தெரியும்.
என் மாமனார் நிலத்துக் கிணறு இப்போது
ஆறிப்போன டீயின் நிறம்.
அதற்கும் கார்டில் எண் இல்லை.

அவனோ ஒரு சொட்டும் ஊற்றவில்லை.
பழுப்பை எடுத்தான்,
இல்லாமையை அதற்குள் அடுக்கினான்,
மீதியை அன்றாடம் வரும் சூரியனிடம் விட்டுவிட்டான்.
கழிவு இல்லை. நுரை இல்லை.
ஒரு பூச்சி தின்னும் பறவைக்கு
இவ்வளவு செய்ய வேண்டுமா என்று
கணக்குப் பார்க்கவும் இல்லை.

இரவு வாலாஜாவுக்குத் திரும்பும்போது
ஆற்காட்டுப் பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினேன்.
கீழே ஆறு மணலாய்ப் படுத்திருந்தது.
மழைக் குழி ஒன்றில் மட்டும் நிலா.
தண்ணீர் சுத்தமா என்று அது கேட்டதாகத் தெரியவில்லை.
சுப்ஹானல்லாஹ் என்றது வாய்.
கையில் சுண்ணாம்பு நாற்றம் அடித்தது.
இரண்டும் ஒரே ஆள்தான்
என்பது கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

எட்டாவது சாம்பிள் போயிற்று.
இதற்குமேல் என்னால் முடியாது என்று எழுதினேன்.
பதில் இன்னும் வரவில்லை.
பொடியைக் கொட்ட மனம் வராமல்
தீப்பெட்டியில் போட்டு
மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.
கோதண்டன் மூக்குப்பொடி என்று நினைத்து
ஒருமுறை திறந்துவிட்டான்.

இன்று காலை கேட்டுக்கு எதிரே,
கம்பியில்,
அதே மண்ணுருண்டை.
ஒரு சிறகில் இறகு குறைந்ததோ என்னவோ,
மடித்து வைத்திருந்ததால் தெரியவில்லை.
நின்றேன்.
ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது.
அது பறக்கவில்லை.
நானும் உள்ளே போகவில்லை.